பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போட்டால் குற்றமா? மின்னணுக் கழிவு விதிகள் யாரைக் கட்டுப்படுத்துகின்றன?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வீட்டில் ஒரு பழைய டப்பா டிவி, உயிரில்லாத இரண்டு லேப்டாப், ஒரு யு.பி.எஸ்., இழுப்பறையில் நாலைந்து போன்கள் கிடக்கின்றன. தெருவில் வரும் பழைய சாமான்காரர் மொத்தத்துக்கும் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா, கொடுத்தால் சட்டப்படி தவறா, தமிழ்நாடு அரசு இதற்கென்று ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கிறதா? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மின்னணுக் கழிவுக்குச் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் அது உங்கள் தெருவில் கண்ணிலேயே படவில்லை? நான் வேதிப்பொறியியல் படித்தவன். மறுசுழற்சி ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வாங்கித் தருவது, ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். வழக்கறிஞன் இல்லை. அதனால் விதிகளின் வாசகத்தைப் பற்றிச் சொல்வதைவிட, அந்த வாசகம் ஆலைக்குள் என்னவாக மாறுகிறது என்பதைப் பற்றி நான் சொல்வதற்கு அதிக எடை கொடுங்கள்.

முதலில் உங்கள் மனத்தை உறுத்துவதற்குப் பதில். குற்றம் இல்லை. இப்போது நடைமுறையில் இருப்பவை மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்ற கடமையை இவை மொத்தப் பயனாளர்கள் மீது மட்டும் சுமத்துகின்றன. மொத்தப் பயனாளர் என்றால், பட்டியலில் உள்ள சாதனங்களில் குறைந்தது 1,000 எண்ணிக்கையை ஒரு நிதியாண்டில் எப்போதாவது பயன்படுத்திய அமைப்பு. பெரிய அலுவலகம், வங்கி, கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய 2016 விதிகளில் சாதாரண நுகர்வோருக்கும் ஒரு கடமை எழுதப்பட்டிருந்தது. அது காகிதத்தில் மட்டுமே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2022இல் அதையே எடுத்துவிட்டார்கள். ஆக, சட்டம் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்ற உங்கள் கவனிப்பு சரியானது. அது உங்கள் வாசலை விட்டுவிட்டு வேறு ஓர் இடத்தில் போய் நிற்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

வரலாற்றை நீட்டத் தேவையில்லை. தமிழ்நாடு 2010இலேயே தனக்கென ஒரு மின்னணுக் கழிவுக் கொள்கையை வெளியிட்டது. தேசிய அளவிலான முதல் விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. ‘பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவனே அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு’ என்ற கொள்கையை, ஆங்கிலச் சுருக்கத்தில் இ.பி.ஆர். என்பார்களே அதை, முதலில் கொண்டுவந்தவை அவைதான். ஆனால் எவ்வளவு திரட்ட வேண்டும் என்ற இலக்கு அவற்றில் இல்லை. 2016 விதிகள் இலக்கை வைத்தன. நிறுவனங்கள் முணுமுணுத்ததும் 2018இல் அந்த இலக்கு தளர்த்தப்பட்டு 10 சதவீதத்தில் தொடங்கியது. 2022 விதிகள் ஆட்டத்தையே மாற்றின. முன்பு 21 வகைச் சாதனங்கள் இருந்த பட்டியலில் இப்போது 106 இருக்கின்றன. அயர்ன் பாக்ஸ், வாக்குவம் கிளீனர், பொம்மை, மருத்துவக் கருவி, சோலார் பேனல் வரை உள்ளே வந்துவிட்டன.

இப்போதைய முறை இப்படி வேலை செய்கிறது. ஒரு நிறுவனம் ஃபிரிட்ஜ் விற்கிறது. ஃபிரிட்ஜின் சராசரி ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 2013-14இல் அது விற்ற எடையில் 60 சதவீதம் 2023-24இல் மறுசுழற்சி ஆகியிருக்க வேண்டும். இந்த 60 சதவீதம் 2025-26இல் 70 ஆகவும், 2027-28 முதல் 80 ஆகவும் உயரும். நிறுவனம் தன் சொந்த ஃபிரிட்ஜைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஒரு மறுசுழற்சியாளரிடமிருந்து அந்த அளவுக்கான சான்றிதழை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். வாங்கத் தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டினாலும் கடமை தீராது. மூன்று ஆண்டுகள் வரை கூடவே வரும். ஓராண்டுக்குள் பாக்கியை நிறைவேற்றினால் கட்டிய இழப்பீட்டில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும், இரண்டாண்டுக்குள் என்றால் 60, மூன்றாண்டுக்குள் என்றால் 30. இது நன்றாக யோசித்து எழுதப்பட்ட விதி என்றே சொல்வேன். அபராதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வழியை அது அடைக்கிறது.

சிக்கல் சான்றிதழ் எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. ஆலைக்குள் எத்தனை டன் பழைய சாமான் வந்தது என்பதை வைத்துச் சான்றிதழ் தருவதில்லை. கடைசியில் எவ்வளவு உலோகம் வெளியே வந்தது என்று பார்த்து, அதை ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கி, உள்ளே இவ்வளவு கழிவு போயிருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். வடித்த சோற்றை அளந்து உலையில் எத்தனை படி அரிசி போட்டார்கள் என்று சொல்வதுபோல. நோக்கம் நல்லதுதான்: லாரியில் வந்ததாகக் கணக்கு எழுதிவிட்டு வேறெங்கோ தள்ளிவிடுவதைத் தடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வரும் உலோகங்கள் நான்குதான்: தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். இந்த நான்கும் சட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் யாராவது எடுத்துவிடக்கூடியவை. காயலான் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக அதைத்தானே செய்கிறார்! காசு தராத, ஆனால் கெடுதல் செய்யும் பாகங்களுக்குச் சான்றிதழில் இடமில்லை. பிக்சர் டியூபின் ஈயக் கண்ணாடி, எரியாமலிருக்க புரோமின் சேர்மங்கள் கலந்த பிளாஸ்டிக், பழைய எல்.சி.டி. திரைகளின் பின்விளக்கில் இருக்கும் பாதரசம், ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்குள் இருக்கும் வாயு இவையெல்லாம் ஆலைக்கு வெறும் செலவு. கம்ப்ரசரை வெட்டும்போது வெளியேறும் ஆர்-134ஏ வாயு, அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டும். அதை முறையாக உறிஞ்சிச் சிலிண்டரில் அடைத்த ஆலைக்கும், காற்றில் விட்ட ஆலைக்கும் இரும்புக்கும் செம்புக்குமான சான்றிதழ் ஒன்றேதான். வாயுவை அடைக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல்களில் இல்லாமல் இல்லை. ஆனால் பணம் ஒரு பக்கம் இழுக்கும்போது வழிகாட்டுதல் எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்கும் என்பது ஆய்வாளர் எத்தனை முறை கதவைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

சான்றிதழின் விலை இன்னொரு சண்டை. தொடக்கத்தில் சந்தை விலைக்கு விட்டார்கள்; விலை சரிந்தது. மலிவான சான்றிதழ் என்றால் ஒழுங்காகச் செய்யும் ஆலைக்குக் கட்டுபடி ஆகாது. ஒழுங்கில்லாத ஆலைக்கு எந்த விலையும் லாபம்தான். அதனால் 2024இல் தரை விலையும் உச்ச விலையும் வைத்தார்கள்: சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகையின் 30 சதவீதத்துக்குக் கீழேயும் 100 சதவீதத்துக்கு மேலேயும் போகக்கூடாது. வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் குறைந்தபட்சம் கிலோவுக்கு 22 ரூபாய் என்று வந்தது. ஏ.சி., டிவி தயாரிக்கும் சில பெரிய நிறுவனங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தனியாருக்கு இடையிலான விலையை அரசு நிர்ணயிக்க முடியாது, இந்த விலை மிக அதிகம் என்பது அவர்கள் வாதம். என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, புகை வடிகட்டி, தொழிலாளருக்கு முகக்கவசம், ஆபத்தான மிச்சத்தைக் கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுப் புதைகிடங்குக்கு அனுப்பும் கட்டணம் என்று எல்லாவற்றையும் நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், தரை விலை என்று ஒன்று இல்லாமல் இந்தத் தொழிலை ஒழுங்காக நடத்த முடியாது. நான் ஆலைகளின் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதையும் சேர்த்து இந்தக் கருத்தை எடைபோடுங்கள்.

இனி மாநில அரசு எங்கே வருகிறது என்று பார்ப்போம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். விதியை எழுதுவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். உற்பத்தியாளர் (தன் பெயரில் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவர்), தயாரிப்பாளர் (ஆலையில் அதைச் செய்பவர்), புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்ற நான்கு வகையினரையும் பதிவு செய்வது மத்திய வாரியத்தின் இணையதளம். முன்பு பிரித்தெடுப்பவர்கள், மறுசுழற்சியாளர்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது மாநில வாரியம். இப்போது அதன் கையில் மிஞ்சியிருப்பவை நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் ஆலைக்குத் தரும் இசைவாணை, ஆபத்தான கழிவுக்கான அங்கீகாரம், முன்னறிவிப்பில்லாத சோதனை, மாநிலத்தில் எவ்வளவு கழிவு உருவாகிறது என்ற கணக்கெடுப்பு. இதைச் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். இசைவாணை இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது. ஆனால் பணத்தை நகர்த்தும் நெம்புகோல், அதாவது சான்றிதழும் இலக்கும், சென்னையில் இல்லை.

மாநில அரசின் மற்றத் துறைகளுக்கும் விதிகளில் வேலை சொல்லியிருக்கிறார்கள். தொழில் துறை, தொழிற்பேட்டைகளில் இதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். தொழிலாளர் துறை, கழிவைப் பிரிப்பவர்களை அடையாளம் கண்டு பதிவு செய்து, குழுக்களாக்கி, பயிற்சி கொடுத்து, ஆண்டுதோறும் அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும். நகராட்சிகளும் மாநகராட்சிகளும், குப்பையோடு கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்துப் பதிவு பெற்றவரிடம் சேர்க்க வேண்டும்; உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத அநாதைப் பொருட்களையும் திரட்ட வேண்டும். இந்த வேலைகளில் எதற்கும் எண்ணிக்கை இலக்கு இல்லை. செய்யாவிட்டால் இழப்பீடும் இல்லை. ஃபிரிட்ஜ் விற்றவருக்கு 60, 70, 80 என்று சதவீதம். தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டிய துறைக்கு வெறும் ‘வேண்டும்’. உங்கள் தெருவில் சட்டம் தெரியாமல் போனதற்குக் காரணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். விதிகளின் கடைசி முனையில் எண்கள் இருக்கின்றன. முதல் கை, அதாவது உங்கள் வாசலில் சாமானைத் தூக்கும் கை, யாருடைய கணக்கிலும் இல்லை.

அந்த முதல் கைக்காரர் ஏன் ஜெயிக்கிறார் என்பதற்குச் சதி எதுவும் தேவையில்லை. ஜப்பானில் 2001 முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டுச் சாதன மறுசுழற்சிச் சட்டப்படி, டிவியையோ ஃபிரிட்ஜையோ தூக்கிப் போடுபவர் கட்டணம் கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் திரை உள்ள சாதனத்தை வாங்கும்போதே ஒரு சிறு மறுசுழற்சிக் கட்டணம் ரசீதில் சேர்ந்துவிடும். 2005 முதல் அப்படித்தான். நம் ஊரில் கதை தலைகீழ். தூக்கிப் போடுபவருக்குக் காசு கிடைக்கிறது. பதிவு பெற்ற ஆலை, சுத்திகரிப்புச் செலவையெல்லாம் கழித்துவிட்டு உங்களுக்கு ஒரு விலை சொல்ல வேண்டும். பழைய சாமான்காரருக்கு அந்தச் செலவு கிடையாது. அவர் உங்கள் டிவியின் பின்பக்கத்தைத் திறந்து, செம்புக் காயிலையும் போர்டையும் எடுத்துக்கொண்டு, டியூபை எங்காவது போட்டுவிடுவார். போர்டு மொத்த வியாபாரிக்குப் போகும். அங்கே தரம் பிரிப்பார்கள்: செல்போன் போர்டு, மதர்போர்டு, டிவி போர்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அதன் பிறகு அது டெல்லியின் சீலம்பூர், உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில் உள்ள பட்டறைகளைத் தேடிப் போகலாம். ஒயரின் மேலுறையைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும், போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பதும் அங்கே பல ஆண்டுகளாக நடந்துவருபவை. பி.வி.சி. உறையைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின்கள் என்ற கடும் நச்சுப் பொருட்கள் உருவாகும். வடித்துவிடும் அமிலத்தில் ஈயம், காட்மியம் கரைந்து மண்ணுக்குள் போகும். இவற்றில் விவாதத்துக்கு இடமே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பழைய சாமான்காரரை வில்லன் என்று முடிவு செய்தால் அது தப்பான பாடம். வீடுவீடாகப் போய்ச் சேகரிப்பதில் அவரை மிஞ்ச எந்த நிறுவனத்தாலும் முடிந்ததில்லை. சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒரு செத்த மடிக்கணினிக்கு உயிர் கொடுத்து நாலு வருடம் ஓட வைக்கும் ஆள், எந்த மறுசுழற்சி ஆலையையும்விட அதிகம் சுற்றுச்சூழலுக்கு உதவுகிறார். ஒரு சாதனத்தால் வரும் பாதிப்பில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வந்துவிடுகிறது. போன், லேப்டாப் போன்றவற்றில் இது இன்னும் தெளிவு. சேகரிப்பதும் பழுதுபார்ப்பதும் அவர்கள் கையில் இருக்கலாம். கொளுத்துவதும் அமிலம் ஊற்றுவதும்தான் நிற்க வேண்டும். 2016 விதிகளில் பிரித்தெடுப்பவர், சேகரிப்பு மையம் என்ற தனி இடங்களாவது இருந்தன. 2022இல் அந்த வகைகள் பதிவுப் பட்டியலில் இல்லை. சிறியவர்கள் நுழையக்கூடிய கதவு அதுதான். அதை மூடியது இந்த விதிகளின் பெரிய பலவீனம் என்பது என் கருத்து. எதிர்க்கருத்தும் உண்டு: அந்த இடைநிலைகளில்தான் போலிக் கணக்குகள் பெருகின, அதனால் வெட்டினார்கள் என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. இன்னொரு சந்தேகமான இடம்: நுண் தொழில் நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று ஒரு வரி, பதிவில்லாமல் மறுசுழற்சி செய்யக்கூடாது என்று இன்னொரு வரி. சிறிய கூடம் ஒன்றை இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் எங்கே நிறுத்துவது என்பது தெளிவாக எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2006க்கும் 2011க்கும் இடையில் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்தது. அத்தனையும் பிக்சர் டியூப் வகை. அந்த டியூபின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருக்கும். டியூபுக்குள் உருவாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க வைத்தது அது. பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் வந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையிலும் 20 லட்சம் மாணவர்களுக்குக் கருவிகள் அறிவிக்கப்பட்டன. அந்தத் திட்டங்கள் தேவையா இல்லையா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. முதல் முறையாக வீட்டுக்குள் திரை வந்த குடும்பங்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய கொள்முதல்காரருக்கு மத்திய விதிகளே வேண்டாம். டெண்டரிலேயே ‘கெட்டுப்போனதும் நீயே திரும்ப எடுத்துக்கொள், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மையம் வை’ என்று ஒரு நிபந்தனை எழுதினால் போதும். அரசு அலுவலகங்கள் தங்கள் பழைய கணினிகளை ஏலம் விடும்போதும் இப்படித்தான். அதிக விலை கேட்டவருக்கு என்று மட்டும் போட்டால், சுத்திகரிப்புச் செலவு இல்லாதவர்தான் அதிக விலை கேட்பார். மாநில அரசின் கையில் உண்மையாகவே நெம்புகோல் இருக்கிறது என்றால் அது இங்கே இருக்கிறது: வாங்குபவராகவும் விற்பவராகவும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. 2021-22இல் இந்தியாவில் 16 லட்சம் டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 5.27 லட்சம் டன், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, முறைப்படி கையாளப்பட்டது என்பது மத்திய வாரியத்தின் கணக்கு. இரண்டாவது எண் ஆலைகள் கொடுத்த அறிக்கைகளின் கூட்டல். முதல் எண்ணை யாரும் தராசில் நிறுத்திப் பார்க்கவில்லை. அன்று பட்டியலில் இருந்த 21 வகைப் பொருட்களின் பழைய விற்பனையையும் சராசரி ஆயுளையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. நம் வீட்டு ஃபிரிட்ஜ் 18 வருடம் ஓடினால், அல்லது போன் இழுப்பறையில் 7 வருடம் தூங்கினால், அந்தக் கணக்கு தள்ளாடும். ‘95 சதவீதம் முறைசாரா வழியில் போகிறது’ என்று ஊடகங்களில் திரும்பத் திரும்ப வருவதையும் அளந்து பெற்ற எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; பெரும்பகுதி அப்படித்தான் போகிறது என்பது சரி, அந்தத் துல்லியம் சரியில்லை. உலக அளவிலும் நிலைமை பெரிதாக மேலில்லை. 2022இல் உருவான 6.2 கோடி டன்னில் 22.3 சதவீதம்தான் ஆவணப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

ஆலைகள் கொடுக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டுமா? இதேபோன்ற சான்றிதழ் முறை பிளாஸ்டிக் கழிவுக்கும் இருக்கிறது. அங்கே 2023இல் மத்திய வாரியம் ஒரு சில ஆலைகளைச் சோதித்ததிலேயே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் சிக்கின. உள்ளே போனதை அளக்காமல் வெளியே வந்ததை வைத்துச் சான்று கொடுக்கும் எந்த முறையிலும் இந்த ஆபத்து இருக்கும். வெளியிலிருந்து வாங்கிய செம்புக் கம்பியை ‘பழைய டிவியில் இருந்து எடுத்தது’ என்று காட்டுவது கடினமில்லை. இதைப் பிடிக்க மின்கட்டணத்தைப் பார்க்கலாம், எந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்கலாம், ஜி.எஸ்.டி. ரசீதுகளோடு ஒப்பிடலாம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் தணிக்கையாளர் இருந்தால் போலி ஆலை ஓராண்டுகூடத் தாங்காது. மின்சாரம் பொய் சொல்லாது. இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள்: 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு சிறைத்தண்டனை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் பெரும்பாலான மீறல்களுக்கு அது நீக்கப்பட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் ஆகிவிட்டது. சிறை என்று எழுதி ஒருவரையும் உள்ளே வைக்காததைவிட, தொடர்ந்து வசூலாகும் அபராதம் மேல் என்பது ஒரு வாதம். பெரிய ஆலைக்கு 15 லட்சம் எம்மாத்திரம் என்பது மறுவாதம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

சரி, உங்கள் சாமான்களுக்கு வருவோம். ஓடக்கூடிய வாய்ப்புள்ள லேப்டாப்பை முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளலாம். சும்மா ‘டெலிட்’ கொடுப்பதாலோ ‘ஃபார்மட்’ செய்வதாலோ பழைய டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடுவதில்லை. போன்களில் ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை மற்றவற்றோடு ஒரே பையில் போடாதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பிறகு மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலில் உங்கள் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் சில ஆலைகள் உண்டு. ஒரு வீட்டுச் சாமானுக்காக அவர்கள் லாரி அனுப்ப மாட்டார்கள். அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தில் பேசி ஒரு நாள் வைத்து எல்லோரும் சேர்ந்து கொடுங்கள். எடை சேர்ந்தால் வருவார்கள், எடை போட்ட ரசீதும் தருவார்கள். புது டிவி வாங்கும் திட்டம் இருந்தால் கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டுக் கொடுங்கள். ஆனால் அது எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பல இடங்களில் அதுவும் கடைசியில் அதே பழைய சாமான் வியாபாரிக்கே போகிறது.

இவை எதுவும் கைகூடாமல் காயலான் கடைக்கே கொடுக்க நேர்ந்தால், லேப்டாப்பையும் போனையும் கொடுப்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவற்றின் போர்டில் காசு இருப்பதால் அவை உடையாமல் யாராவது ஒரு மொத்த வியாபாரியிடம் போய்ச் சேரும், அங்கிருந்து ஆலைக்கு வருவதும் உண்டு. டப்பா டிவியை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். அதில் காசு கொஞ்சம், நஞ்சு நிறைய. டியூப் உடைந்து வாய்க்காலில் கிடப்பதற்கான வாய்ப்பே அதிகம். மாநகராட்சியோ நகராட்சியோ நடத்தும் மின்னணுக் கழிவு முகாம் வரும்வரை அது மாடியில் ஒரு மூலையில் இருப்பதால் யாருக்கும் கேடில்லை. உடையாத டியூபிலிருந்து ஈயம் கசியாது.

யு.பி.எஸ். பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதன் பெட்டி மின்னணுக் கழிவு. உள்ளே இருக்கும் ஈய-அமில பேட்டரி இந்த விதிகளில் வராது. அதற்கு 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தனி. நடைமுறையில் இது எளிது: புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் எடைக்கு ஏற்ப விலையில் கழித்துக்கொள்வார்கள். அமிலத்தைக் கொட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள். அமிலத்தோடு அப்படியே எடுத்துக்கொள்ளும் கடையில் கொடுங்கள்.